நூற்றி நாலு காய்த்திருக்கிறது

செல்வலட்சுமி நினைத்திருந்தால் அந்த மூன்று கொட்டைகளையும் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கிற அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நீளத்தில், பழுப்பு நிறத்தில், பளபளவென்று மூன்று கொட்டைகள். ஆனால் அவை குப்பைக்கூடையில் கிடக்கவில்லை, மேஜைமேல் இருந்தன. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

குமுளியில் தேக்கடிக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு ஹோட்டலில் அவள் அறை சுத்தம் செய்கிறவள். வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தாள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற ஜீப் டிரைவர் முனீஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆனைக்கரைக்கு வந்தாள். ஹோட்டலில் சேர்ந்த நாளிலேயே மேனேஜர் ஜோமோன் அவளுக்கு ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்திருந்தான். அறையைக் காலி செய்தவர் கூடையில் போட்டது குப்பை. மேஜையில் விட்டது அவருடைய பொருள். பொருளாக இருந்தால் ரிஜிஸ்டரில் எழுதி, அறை எண் போட்ட மஞ்சள் வில்லையைக் கட்டி, அலமாரியில் மூன்று மாதம் வைக்க வேண்டும். ஜோமோனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. விதி என்றால் அவனுக்கு உயிர்.

நூற்றி நாலாம் அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் காலையில் கிளம்பிப் போய்விட்டார். மேஜையில் ஒரு டிஷ்யூ காகிதத்தின் மேல் அந்த மூன்று கொட்டைகளும் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வேண்டும் என்று வைத்தவர் மறந்தாரா, வேண்டாம் என்றுதான் வைத்தாரா என்று செல்வலட்சுமிக்குத் தெரியவில்லை. அப்படியே கொண்டுபோய் ஜோமோனிடம் நீட்டினாள்.

"சேச்சி, இது எந்தா?"

"கொட்டை சார். நூத்தி நாலுல மேசைமேல இருந்துச்சு."

ஜோமோன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து, '104, கொட்டை, 3' என்று எழுதினான். செல்வலட்சுமிக்கு மனது கேட்கவில்லை. மூன்று மாதம் காய்ந்து கிடந்தால் கொட்டை செத்துப்போகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஈரப்பஞ்சை வைத்து, அதில் கொட்டைகளைப் பொதிந்து, வில்லையைக் கட்டி அலமாரிக்குள் வைத்தாள். அங்கே துடைக்கப் போகும்போதெல்லாம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

ஐந்து வாரம் கழித்து யாரோ விட்டுப்போன கண்ணாடியைத் தேடி ஜோமோன் அலமாரியைத் திறந்தான். செல்போன் சார்ஜர்கள், ஒற்றைக் காதுத் தோடு, ஒரு பல்செட், இவற்றுக்கு நடுவே மூன்று செடிகள் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

"சேச்சி! ரிஜிஸ்டர்ல கொட்டை. அலமாரியில செடி. ஆடிட்டர் வந்து கேட்டா நான் எந்து சொல்லும்?"

"கொட்டதான் சார் செடியாயிருச்சு."

"அது எனக்கு அறியும். ரிஜிஸ்டருக்கு அறியாதே."

கடைசியில் 'கொட்டை' என்பதை அடித்து 'செடி' என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான். அதோடு விடாமல் அந்த வெளிநாட்டுக்காரருக்கு, 'நீங்கள் விட்டுச்சென்ற மூன்றும் நல்லபடியாக முளைத்துவிட்டன, எப்படி அனுப்புவது?' என்று மின்னஞ்சல் போட்டான். பதில் வர ஒன்றரை மாதமானது. அதில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: வாழ்த்துகள்.

"வாழ்த்துச் சொன்னா நாம எடுத்துக்கலாமுன்னு அர்த்தமா சார்?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

வாழ்த்துச் சொல்கிறவர் உரிமை கொண்டாட மாட்டார் என்று ஜோமோன் முடிவு செய்தான். கண்டெடுத்தவருக்கே பொருள் சேரும் என்ற விதிப்படி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு செடிகளைக் கொடுத்தான்.

ஒரு செடி முனீஸ்வரனின் ஜீப்பில் ஏல மூட்டைக்கு அடியில் நசுங்கியது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. மிஞ்சியது வீட்டுக்கு வலதுபுறம் வேர் பிடித்தது. மஞ்சள் வில்லையை அவள் கழற்றவில்லை. பெயர் தெரியாத மரத்துக்கு அதுவும் இல்லாவிட்டால் எப்படி?

அதற்குப் பிறகு ஹோட்டலில் யார் எந்த அறையில் பழம் தின்றாலும் கொட்டை செல்வலட்சுமிக்கு என்றாகிவிட்டது. தெரிந்த கொட்டையை அவள் தொட மாட்டாள். வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான் எல்லாம் அந்த மலையில் எல்லார் வீட்டிலும் நிற்கின்றன. கண்டிராத கொட்டையாக இருந்தால் மட்டும் ரிஜிஸ்டர், பஞ்சு, வில்லை, மூன்று மாதம். ஏழெட்டு வருடத்தில் ஆறு சென்ட் வீட்டில் இருநூற்றி மூணு, நூற்றிப்பத்து, முந்நூற்றி ஒன்று என்று ஒரு முழு ஹோட்டலே பச்சையாக எழுந்து நின்றது.

"எரநூத்தி மூணு வந்ததுலருந்து என் ஜீப்பு ரோட்டுல நிக்குது. எனக்கு ஒரு ரூம் போடுவியா, இல்ல நானும் வெளியதானா?" என்று முனீஸ்வரன் கேட்டான்.

"ஒங்களுக்கு எதுக்கு ரூமு? ஒங்க பேருதான் எனக்குத் தெரியுமே" என்றாள் அவள்.

முதலில் காய்த்தது நூற்றி நாலு. எலுமிச்சை மஞ்சளில், நுனியில் சின்னக் கூர்வைத்த, கைக்குள் அடங்குகிற உருண்டைப் பழம். பழுத்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று முனீஸ்வரன் தோலோடு ஒரு கடி கடித்தான். தோலில் இருந்த பால் இரண்டு உதட்டையும் பசைபோட்ட மாதிரி ஒட்டிவிட்டது. கண் பிதுங்கி, கையை ஆட்டி, விஷம் என்று சைகை காட்டினான். செல்வலட்சுமி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து உதட்டைப் பிரிக்கக் கால்மணி நேரம் ஆனது. அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகக் காத்திருந்த பெண்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டு, டிரைவர் ஏன் இன்றைக்குப் பேசாமல் இருக்கிறார் என்று வீட்டுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

உதடு பிரிந்ததும் அவன் சொன்ன முதல் சொல்: "ஏ புள்ள, உள்ள நுங்கு மாதிரி இருக்கு. பால்பாயாசத்துல போட்ட நுங்கு."

தோலை வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்றால் ஒட்டாது என்று பிறகு கண்டுகொண்டார்கள். அடுத்த வருடம் இருநூற்றி மூணும் காய்த்தது. அது ஆரஞ்சு நிறம். உள்ளே அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி மாவாக இருக்கும். வீட்டில் தின்று தீராததைச் செல்வலட்சுமி குமுளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் சூசையப்பனுக்குக் கொடுத்தாள்.

"பேரு என்னக்கா?"

"இது நூத்தி நாலு. அது எரநூத்தி மூணு."

சூசையப்பன் வியாபாரி. விற்கிற பொருளுக்கு ஒரு பெயர் இருந்தால் போதும் அவனுக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் 104 என்றும் 203 என்றும் எழுதிக் குத்திவைத்தான். 203-ஐ மட்டும் கம்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முட்டை கலந்தது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டது. மற்றபடி நன்றாகவே ஓடியது.

வினை வந்தது ஒரு சனிக்கிழமை. மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மனைவியோடு வந்து ஹோட்டலில் தங்கியிருந்தார். அவருக்குக் கொடுத்திருந்தது நூற்றி நாலாம் அறை. சாயங்காலம் கடைவீதியில் காற்றாட நடந்துகொண்டிருந்தவர் காதில் சூசையப்பனின் குரல் விழுந்தது.

"நூத்தி நாலு! நூத்தி நாலு! இன்னைக்கு விட்டா நாளைக்குப் பொணமாப் போயிரும்! நூத்தி நாலு!"

தாசில்தார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். வேலையில் இருந்த காலத்தில் ஆக்கிரமிப்பு அகற்றப் போய்ப் பலரைப் பகைத்துக்கொண்டவர் அவர். காரணம் எதுவும் சொல்லாமல் அறையை மாற்றச் சொன்னார். ஜோமோன் இருநூற்றி மூணைக் கொடுத்தான். மறுநாள் காலையில் அவர் பேப்பர் வாங்கப் போனபோது சூசையப்பன் எதிர்க்கடைக்காரனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நேத்து நூத்தி நாலு முடிஞ்சிருச்சுப்பா. இன்னைக்கு எரநூத்தி மூணுதான். கத்தி எங்க?"

தாசில்தார் பல்கூடத் துலக்காமல் அறையைக் காலி செய்தார். போகும்போது ஜோமோனின் கையைப் பற்றி, "தம்பி, நான் இங்க வந்ததா யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். விஷயம் என்னவென்று ஜோமோனுக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்ததும் சூசையப்பனிடம் போய், எண்ணுக்குப் பின்னால் 'பழம்' என்ற வார்த்தையைக் கட்டாயம் சேர்த்துக் கூவ வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தான்.

இப்படியே இருந்திருந்தால் இந்தப் பெயர்கள் குமுளியோடு நின்றிருக்கும். ஆனால் கிருஷி பவனுக்குப் புதிதாக மாறிவந்த விவசாய அலுவலர் ஜிபி, அபூர்வ மரங்கள் வளர்க்கும் வீட்டுத்தோட்டங்களைப் பதிவு செய்யக் கிளம்பி ஒரு மத்தியானம் செல்வலட்சுமியின் வீட்டுக்கு வந்தாள். அப்போது மரத்தில் ஒரு பழமும் இல்லை.

"சேச்சி, மரத்தின்டெ பேர் பறயூ. ஃபாரத்தில எழுதணும்."

"நூத்தி நாலு மேடம்."

"வயசு இல்ல, பேர்."

"பேருதான். நீங்க படிச்சவுக, வேற பேரு தெரிஞ்சாச் சொல்லுங்க, அதையே வச்சுக்கிருவோம்."

"நான் படிச்சது நெல்லு" என்று ஜிபி கூச்சத்தோடு சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்தாள். இலையைப் படம் பிடித்தால் மரத்தின் பெயரைச் சொல்கிற ஒரு செயலி அதில் இருந்தது. முதல் தடவை அது மாமரம் என்றது. இன்னொரு பக்கம் போய் எடுத்தால் காப்பிச்செடி என்றது. மூன்றாம் தடவை, இலையைப் பிடித்திருந்த முனீஸ்வரனின் விரல்களும் படத்தில் விழுந்துவிட, இது ஒரு வகை இஞ்சி, களிமண்ணில் நன்றாக வளரும் என்றது. முனீஸ்வரன் ஒரு வாரம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜிபி வேறு வழியில்லாமல் ஊர்வழக்குப் பெயர் என்ற கட்டத்தில் 104 என்று எழுதினாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் பெயர்க் கட்டத்தில் எண்ணை ஏற்கவில்லை. எனவே மலையாள எழுத்தில் 'நூற்றி நாலு' என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. செல்வலட்சுமி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

உண்மையான பெயர்களும் பின்னால் தெரியவந்தன. கட்டப்பனையில் நர்சரி வைத்திருக்கும் ஒருவர் பழத்தைப் பார்த்ததுமே, இது அபியு, அது முட்டைப்பழம் என்று சொல்லிவிட்டார். செல்வலட்சுமி நாலைந்து தடவை 'அபியு, அபியு' என்று சொல்லிப் பார்த்தாள்.

"யாரோ தும்மின மாதிரில்ல இருக்கு" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் ஹோட்டல் முதலாளி ஒரு வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு வாசலைக் கிழக்கே திருப்பினார். வாசல் திரும்பியதும் அறைகளின் வரிசையும் திரும்பியது. பழைய நூற்றி நாலு புது நூற்றிப் பன்னிரண்டானது. புது நூற்றி நாலு துணி வெளுக்கிற அறையானது. பத்துப் பன்னிரண்டு வருடம் எண் பார்க்காமலே கால் போன பழக்கத்தில் வேலை செய்தவள் செல்வலட்சுமி. துவைத்த விரிப்போடு போய்த் தப்பான கதவைத் தட்டி, உள்ளே இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப்போனது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் முனீஸ்வரனிடம் கேட்டாள்.

அந்த வாரமே ஜோமோன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பட்டியலும் ஒரு கட்டு புது மஞ்சள் வில்லைகளும் இருந்தன. தலையில் நரை எட்டிப் பார்த்திருந்தது, ஆனால் ஆள் மாறவில்லை.

"சேச்சி, மரத்தின்டெ வில்லையெல்லாம் மாத்தணும். ரிஜிஸ்டர்ல ரூம் நம்பர் எல்லாம் புதுசு ஆக்கிட்டேன். இனி நூத்தி நாலுன்னா வாஷிங் ரூம். வாஷிங் ரூம்ல இருந்து மரம் வந்துன்னு ஆயிப்போகும்."

"மரத்துக்கு இதெல்லாம் என்னத்தத் தெரியும்?" என்றான் முனீஸ்வரன்.

"மரத்துக்கு அறிய வேண்டா. ரிஜிஸ்டருக்கு அறியணும்."

செல்வலட்சுமிக்கு அதற்கு முன் ஜோமோனிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமே இல்லை. அன்றைக்குப் பேசினாள். "சார், ஒங்க ஓட்டலுதான் பேர மாத்திக்கிருச்சு. என் மரம் அங்கனயேதான் நிக்குது. கெவர்மெண்டு சீலு வச்சுக் குடுத்த பேரு அது. நான் கதவு மாறிப் போயி நிக்கிறது பத்தாதா? வீட்டுக்கு வந்தும் நம்பர் தேடணுமா?"

ஜோமோன் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தான். அரசு முத்திரைக்கு முன்னால் ஹோட்டல் ரிஜிஸ்டர் எம்மாத்திரம் என்பது அவனுக்குத் தெரியும். ரிஜிஸ்டரைத் திறந்து குறிப்பு என்ற இடத்தில், 'பழைய எண்ணே தொடரும். செடி சம்மதிக்கவில்லை' என்று எழுதி மூடினான். இஞ்சிச் சாயா குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் பஞ்சாயத்து நடத்திய விவசாய மேளாவுக்கு ஜிபி அவளுடைய பழங்களை அனுப்பிவைத்தாள். அபூர்வப் பழத்துக்கான முதல் பரிசு நூற்றி நாலுக்குக் கிடைத்தது. பரிசு ஒரு மருந்து தெளிக்கும் மெஷின், ஒரு பொன்னாடை. ஆனால் அதே மேளாவில் வாசலில் எல்லாருக்கும் எண் போட்ட கூப்பன் கொடுத்திருந்தார்கள். கடைசியில் குலுக்கல் என்று அறிவிப்பு. வெளியூரிலிருந்து கூட்டிவந்த அறிவிப்பாளர் பழப்போட்டி முடிவு எழுதிய சீட்டை வாங்கி ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"முதல் பரிசு... நூற்றி நாலு!"

கூட்டத்தின் கடைசியிலிருந்து "ஐயோ மாதாவே!" என்று ஒரு சத்தம். சுவக்கீன் என்கிற தையல்காரர், கூப்பனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாற்காலிகளைத் தாண்டி ஓடிவந்தார். மேடையேறியதும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மெஷினை முதுகில் மாட்டிவிட்டார்கள். மைக்கை நீட்டி, "இதை எப்படி வளர்த்தீங்க, நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள்.

சுவக்கீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேசாவிட்டால் மெஷினைக் கழற்றிவிடுவார்களோ என்று பயம். இரண்டு மகள்களை வளர்த்தவர் அவர். அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"நான் பெருசா ஒண்ணும் செய்யலைங்க. சின்னதுல மழையில நனைய விடல. அடிக்கவே மாட்டேன். வேணுங்கிறத வேணுங்கிற நேரத்துல குடுத்தேன். மத்தவுக வளர்றதப் பாத்து நம்மளது வளரலியேன்னு ஒருநாளும் கேட்டதில்ல. அதது நேரத்துக்கு அதது வந்துச்சு."

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமியும் தட்டினாள். தனக்கு வரவேண்டிய பரிசு அது என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பேச்சு அவ்வளவு சரியாக இருந்தது. ஜிபிதான் பதறிக்கொண்டு மேடைக்கு ஓடிச் சான்றிதழின் நகலைக் காட்டினாள்.

சுவக்கீன் அதை மூன்று தடவை படித்தார். "மரத்துக்கா? மரத்துக்கா இந்தப் பேரு?" என்று கேட்டார். பிறகு மெஷினைத் தானாகவே கழற்றினார். முகம் சிறுத்துப்போயிருந்தது. செல்வலட்சுமியைக் கூப்பிட்டு அவள் முதுகில் மாட்டிவிட்டு, இப்போது நீங்கள் பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"அவுக சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிவிட்டாள். பொன்னாடையை வாங்கிக்கொள்ளவில்லை. பேசியவருக்குத்தான் அது சேரும் என்றாள்.

பத்து நாள் கழித்துச் சுவக்கீன் ஆனைக்கரைக்குத் தேடி வந்தார். பொன்னாடையை வெட்டிச் சுருக்குக் கயிறு வைத்து இருபது சின்னப் பைகளாகத் தைத்திருந்தார். வௌவால் கடிக்காமல் பழத்துக்குப் போட்டுவிடலாம் என்றார். சரிகை போட்ட பைகளோடு நூற்றி நாலு அந்த வருடம் கல்யாணப் பந்தல் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. போகிற வருகிற ஜீப்பெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

நூற்றிப்பத்து மட்டும் இன்னும் காய்க்கவில்லை. அந்த அறையில் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி விட்டுப்போன கொட்டைகளிலிருந்து இரண்டு முள்பனைகள் வளர்ந்திருந்தன. ஆளைக் கிட்டவே சேர்க்காத முள். நர்சரிக்காரர் போனில் விசாரித்துவிட்டு, ஒன்று ஆண், ஒன்று பெண், ஆண்பூவின் பொடியை எடுத்துப் பெண்பூவில் கையால் தடவினால்தான் காய் பிடிக்கும், பூ விரிந்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்றார்.

பெண்பூ விரிந்தது ஓண விடுமுறைக் கூட்டத்தின் நடுவில். ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை. செல்வலட்சுமி ஜோமோனிடம் போய் ஒருநாள் லீவு கேட்டாள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். ஜோமோன் லீவு ஃபாரத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தான். உடம்பு சரியில்லை, திருவிழா, குடும்பத்தில் மரணம், குடும்பத்தில் திருமணம் என்று நாலே கட்டங்கள்தான் இருந்தன. பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டு யோசித்தான். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டான்.

"சரி சேச்சி. ஆனா கல்யாண லீவுக்குக் கத்து வேணும். அழைப்பிதழ். அது இல்லாம ஹெட் ஆபீஸ் பாஸாக்க மாட்டாங்க."

செல்வலட்சுமி அங்கேயே நின்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'நிகழும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல், மழை விட்டதும், ஆனைக்கரை முனீஸ்வரன் வீட்டு வாசலில், நூற்றிப்பத்துக்கும் நூற்றிப்பத்துக்கும் திருமணம். அனைவரும் வருக.' ஜோமோன் அதை ஃபாரத்தோடு சேர்த்துக் குத்தினான்.

வியாழக்கிழமை மழை விடவில்லை. முனீஸ்வரன் ஜீப் சவாரியை விட்டுவிட்டுப் பெண்பனைக்குமேல் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையெல்லாம் முள் கீறியிருந்தது.

"ஏ புள்ள, எம்புட்டு நேரம்? தோள்பட்ட கடுக்குது."

"செத்தப் பிடிங்க. பூ நனஞ்சா எல்லாம் வீணாப் போயிரும்."

அவள் குந்தி உட்கார்ந்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற பஞ்சை ஆண்பூவில் ஒற்றி எடுத்து, முள்ளுக்கு நடுவே கையை மெதுவாக விட்டுப் பெண்பூவில் தடவினாள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஹோட்டல் சார்பில் கொடுக்கிற சுவர்க்கடிகாரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஜோமோன் சேற்றில் இறங்கி வந்தான். கல்யாணச் சாப்பாடு உண்டா என்று கேட்கவில்லை. ஆனால் முனீஸ்வரன் குடையை அவனிடம் மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்தான்.